முடுக்கில் முந்தி விழுந்த தடங்கள்

உலகம்மாள் வீட்டு முடுக்கில் கிடந்த பழைய கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்த மறுநாள் காலையிலிருந்து, அந்த வழியாக வரப்போகிறவர்களின் கால்தடங்கள் அவர்கள் வருவதற்கு முன்பே தரையில் விழ ஆரம்பித்தன. முதலில் விழுந்தது பால்காரர் மாடசாமியின் ரப்பர் செருப்புத் தடம், இடது குதிகாலில் ஆணி அடித்துத் தைத்த இடம் உட்பட, அதற்குப் பிறகு சாவகாசமாக மாடசாமி வந்தார், தன் தடத்தில் தானே கால் வைத்து நடந்தார், பாலை ஊற்றினார், போனார்.

முடுக்கு என்பது வீட்டின் தென்சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, தெருவிலிருந்து பின்கட்டு வரைக்கும் ஓடுகிற சந்து. தென்காசிக்கு வெளியே, வயலாக இருந்து மனையாகிப்போன குலசேகர நகரில் முன்வாசல் கௌரவத்துக்கு, முடுக்குதான் புழக்கத்துக்கு. ஏனென்றால் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட, வீடு கட்டுகிறவர்கள் அதற்குப் பயந்து வீட்டைத் தூக்கித் தூக்கிக் கட்ட, இந்தப் போட்டியில் முன்படிகள் யானை மேல் ஏறுவதற்குக் கட்டியவை போலச் செங்குத்தாகிவிட்டன. அதனால் பாலும் காய்கறியும் கேஸ் சிலிண்டரும் பெண் பார்க்க வருகிறவர்களும் முடுக்கு வழியாகவே வந்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் வீம்புக்கு முன்படியில் ஏறி இறங்கலாம். படுத்தபடி போகிறவர்களை அதில் இறக்க முடியாது என்பதால், அந்தத் தெருவில் செத்தவர்கள் எல்லோரும் முடுக்கு வழியாகவே போனார்கள்.

கான்கிரீட்டைப் பெயர்க்க வேண்டாம், அதன் மேலேயே பேவர் பிளாக்கை அடுக்கிவிடலாம் என்றுதான் தெரு முழுக்கச் சொன்னது. கான்டிராக்டர் செய்யது மசூது ஒப்புக்கொள்ளவில்லை. "பழசு மேல போட்டா மட்டம் ஏறிரும் அண்ணாச்சி. பெறவு மழைத்தண்ணி அடுப்பாங்கரைக்குள்ள வந்து உங்கள நலம் விசாரிக்கும்" என்றார். உலகம்மாளின் கணவர் பிரம்மநாயகம், பஸ் டிப்போவில் வண்டிகள் வருகிற நேரம் போகிற நேரம் பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் அடியிலிருந்து செய்ய வேண்டும் என்ற கட்சி. மெஷின் வந்து தடதடவென்று உடைத்தது, கண்ணாடி அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றன, டிராக்டர் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனது, கிரஷர் தூளைப் பரப்பிக் குதிக்கிற மெஷினால் கெட்டித்து மட்டப்பலகையால் இழுத்துவிட்டபோது முடுக்கு இட்லித் துணி போல ஈரமாக, சுருக்கமில்லாமல் கிடந்தது. பிளாக் லாரி மறுநாள் வரவேண்டியது. வரவில்லை. தடங்கள் வந்தன.

யாரும் அதிசயப்படவில்லை. கான்கிரீட் கிடந்தவரைக்கும் விழ இடமில்லாமல் இருந்திருக்கும் என்று செய்யது மசூது சொன்ன விளக்கமே தெருவுக்குப் போதுமானதாக இருந்தது, அதற்கு மேல் கேட்கிற அளவுக்கு யாருக்கும் ஓய்வில்லை, ஏனென்றால் தடங்களைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. எதிர்வீட்டுச் சண்முகவடிவு பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றுவிடுவாள்.

"மதினி, இன்னைக்கு எனக்கு யாரும் வாராவளா?"

"ஒன் வீட்டுக்கு வாரவங்க தடம் என் முடுக்குல எப்படி விழும்?" என்பாள் உலகம்மாள்.

"இங்க வந்துட்டு என் வீட்டு அடுக்களையையும் எட்டிப் பாக்காம போற ஆளு இந்தத் தெருவுல உண்டா?"

பிரம்மநாயகத்துக்கு வாழ்க்கை திரும்பி வந்தது. டிப்போவில் இருந்த காலம் முழுக்க, எழுதிவைத்த நேரத்துக்கு ஒரு வண்டியும் வந்து அவர் கண்டதில்லை. இங்கே, எழுதிவைத்தது அப்படியே வந்தது. காபி டம்ளரோடு முடுக்கு முனையில் நின்று, கரண்டு ரீடிங் எடுக்கிறவர் வரப்போகிறார், கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒரு ஜோடி வரப்போகிறது, அதில் அம்மாளுக்கு முழங்கால் வலி, என்று அறிவித்தார். ஒருநாள் எருமைக் குளம்படி விழுந்திருந்தது. குலசேகர நகரில் எருமை ஏது என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, சந்தைக்குப் போன வேனிலிருந்து குதித்த எருமை ஒன்று முடுக்குக்குள் புகுந்து, குளம்பைக் குளம்பில் வைத்து, பின்கட்டுவரை போய், துவைத்துக் காயப்போட்டிருந்த பிரம்மநாயகத்தின் வேட்டியைத் தின்றது. மாடசாமி மட்டும் ஒருநாள் வீம்பாக, என் காலை நான் வைக்கிற இடத்தில் வைப்பேன் என்று முன்படி ஏறிப் பாலை ஊற்றிவிட்டு ஜெயித்த முகத்தோடு போனார். கேன் மூடியைப் பின்கட்டில் முந்தின நாள் மறந்துவிட்டது ஞாபகம் வந்து, கொஞ்ச நேரத்தில் முடுக்கு வழியாக, விடிகாலையில் விழுந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார்.

அன்றைக்குத்தான் உலகம்மாளுக்குப் பயம் வந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், உள்ளே போய் அரிசி களைந்தபோது கவனம் பிசகித் தண்ணீரோடு அரிசியும் போயிற்று.

"ஏங்க, அந்தப் பிளாக்க சட்டுனு போடச் சொல்லுங்க" என்றாள்.

"லாரி வரட்டும். இப்ப என்னளா அவசரம்?"

"வாரதச் சொல்லுதது போறதையும் சொல்லும்லா."

"வாரதும் போறதும்தானளா டிப்போவே" என்று பிரம்மநாயகம் சிரித்தார்.

லாரி வராமலே இருந்தது. தெருக்காரர்கள் ரகசியமாகச் செய்யது மசூதுவிடம் கொஞ்சம் மெதுவாகவே வரட்டும் என்று சொல்லிவைத்ததாகப் பிறகு தெரிந்தது.

அவள் பயந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது வந்தது. வாசல் தெளிக்க வாளியோடு முடுக்குக்கு வந்தவள், வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். தடங்கள் எல்லாம் வெறுங்கால் தடங்கள், எல்லாம் பின்கட்டிலிருந்து தெருவைப் பார்த்து. முன்னால் ஒரு ஆண், இடதுகால் சற்று உள்வாங்கி; அது ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் தன் மகன் குமரகுருவின் கால் என்பது பெற்றவளுக்குத் தெரியாமல் போகாது. அவனுக்குப் பின்னால் நாலு ஆண்கள், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், அடி மாறாமல் ஒரே தாளத்தில், குதிகால்கள் ஆழப் பதிந்து, பாரம் தூக்குகிறவர்களின் தடம். அதற்குப் பின்னால் தெருக்காரர்களின் தடங்கள், நெருக்கியடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக; அதில் பெண்களுடையவை மட்டும் தெருக்கேட்டு வரைக்கும் போய் அங்கேயே திரும்பியிருந்தன. அந்தப் பெண்களில் முதல் தடம் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டது. உலகம்மாள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கி அவ்வளவு தண்ணீரையும் அந்தத் தடங்கள் மேல் ஊற்றினாள். தண்ணீர் தடங்களில் தேங்கி நின்று, விளிம்பு கூடக் கரையாமல், மெதுவாக இறங்கிப் போயிற்று.

காபி டம்ளரோடு வந்த பிரம்மநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார். முடுக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் குனிந்தபடி போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். கீழே விழுந்த மாத்திரையைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது. அதற்குள் தெரு கூடிவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் காலைக் கண்டுபிடித்தார்கள். இது நான், இது எங்க அக்கா, அந்தச் சப்பைக்கால் ரேஷன்கடைக்காரர், சுண்டுவிரல் இல்லாதது தையல்காரர் முப்புடாதி. பார்க்கப் பார்க்கத் தெருவில் ஒருவர் மீதியில்லாமல் எல்லோரும் அதில் இருந்தார்கள். பிரம்மநாயகம் எவ்வளவோ நேரம் தேடியும் அவர் கால் மட்டும் இல்லை.

"மதினி கால்ல மெட்டி பதிஞ்சிருக்கு பாத்தியளா" என்று சண்முகவடிவு ஆறுதலாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "மெட்டி இருக்குன்னா அண்ணாச்சி இருக்காவன்னுதான அர்த்தம்?"

"அது பதினாறு அன்னைக்குத்தான் கழத்துவாவ" என்றாள் கூட்டத்தில் ஒரு பெண், முறை தெரியாதவளைத் திருத்துகிற குரலில்.

அன்று முழுக்க உலகம்மாள் கணவரை விட்டு நகரவில்லை. அவர் இருமினால் எழுந்தாள், இருமாவிட்டால் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் வந்தது, யாரும் சாகவில்லை. எப்போதும் அன்றன்றைக்குள் உரியவர் கால் பட்டு நிறைந்துவிடும் தடங்கள் இந்த முறை நிறையாமல், அப்படியே வாய் திறந்து கிடந்தன. மறுநாள் மாடசாமியின் செருப்புத் தடம் வழக்கம்போல் விழுந்தபோது, அது அந்தத் தடங்களில் ஒன்றைக்கூட மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி விழுந்தது. மாடசாமியும் தலையைக் குனிந்து, பால் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரோரமாகவே போனார்.

காத்திருப்பதற்குத் தெரு பழகிக்கொண்டது, அதுதான் உலகம்மாளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பிரம்மநாயகத்துக்குப் பிடித்த உளுந்தங்களியும் சொதியும் வீடு வீடாக வந்தன. அவர் முன்னாலேயே, அவரிடமே, "அண்ணாச்சி தங்கமான மனுசனா இருந்தாவ" என்று பேசினார்கள், பேசிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை. பந்தலுக்குக் கம்பு வாடகை எங்கே சல்லிசு என்று இரண்டு பேர் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றே விசாரித்துக்கொண்டார்கள். தூக்குகிற நாலு பேரும் ஊரில் இல்லாவிட்டால் தூக்க முடியாது, தூக்க முடியாவிட்டால் சாக முடியாது என்று கணக்குப் போட்டு முப்புடாதியும் மற்ற மூவரும் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார்கள். அதில் பிரம்மநாயகத்தின் மேலிருந்த பிரியமும் உண்டு, தோள்வலிக்குப் பயந்ததும் உண்டு. பிரம்மநாயகம் பேச்சைக் குறைத்தார். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றார். ஒரு மத்தியானம் அவர் வேட்டிகளை எடுத்து மடித்து, நல்லதைத் தனியே மேலே வைத்துக்கொண்டிருப்பதை உலகம்மாள் பார்த்தாள்.

"என்ன செய்யுதிய?"

"தேடாண்டாம்லா. ஒனக்குக் கைக்கு எட்டுத மாதிரி வைக்கேன்."

அவள் அந்த வேட்டியைப் பிடுங்கி அலமாரியின் அடியில் திணித்தாள்.

பிளாக் லாரி அன்றைக்குத்தான் வந்தது. சாம்பலும் சிவப்புமாகக் கற்களைத் தெருவோரம் இறக்கி அடுக்கிவிட்டுப் போனது. "இப்பவே போடுங்க பாய்" என்று உலகம்மாள் செய்யது மசூதுவின் முன்னால் நின்றாள். "அந்தத் தடத்த எல்லாம் மூடிப் போடுங்க."

செய்யது மசூது தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மூடிரலாம் மதினி. ஆனா அது அழியாது. அடியில உக்காந்து காத்துக்கிட்டே கெடக்கும். இப்பவாவது கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. மூடிட்டா, தினமும் அதுக்கு மேலதான் நடப்பிய, என்னைக்கு நிறையும்னு ஒங்களுக்குத் தெரியாது. மய்யித்தத் தூக்கிட்டுப் போற வழிய மறிச்சுக் கல்லு வைக்க எனக்கும் கை வராது."

உலகம்மாள் முடுக்கு வாசலில் உட்கார்ந்து, அந்தத் தடங்களை, அரிசியில் கல் பார்க்கிறவள் போல, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெயில் சாயும்வரைக்கும் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"பாய், இதுல என்ன இருக்கு? நாலு பேரு தூக்கிட்டுப் போறாவ. நாங்க அழுதுகிட்டுப் போறோம். அம்புட்டுத்தான? தூக்கிட்டுப் போறது செத்தவரத்தான்னு இதுல எங்க இருக்கு?"

செய்யது மசூது தடங்களைப் பார்த்தார். "இல்லைதான்" என்றார், கொஞ்சம் பயந்த மாதிரி.

முப்புடாதிக்குப் போன் போயிற்று, மகனுக்குப் போன் போயிற்று. பிரம்மநாயகத்தைக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, உயிரோடு தூக்கிக்கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிடுவது, தடங்கள் நிறைந்துவிடும், அவர் தன் காலால் நடந்து முன்படி ஏறி வீட்டுக்கு வந்துவிடுவது. இதுதான் ஏற்பாடு. இதோடு நின்றிருக்கலாம். ஆனால் குலசேகர நகருக்கு எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. வெறுமனே தூக்கினால் தடம் ஏற்றுக்கொள்ளாது என்று ஒருவர் சொன்னார், மேளம் இல்லாமல் நாலு பேருக்கும் அடி ஒன்றாக விழாது என்று இன்னொருவர் சொன்னார், இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேளம் வந்தது. சங்கு வந்தது. மாலை வந்தது. குமரகுரு ஓசூரிலிருந்து வந்து இறங்கியதும் கையில் ஒரு சட்டியைக் கொடுத்தார்கள். தீ வேண்டாம் என்று உலகம்மாள் தடுத்தாள், வெறும் சட்டிக்குச் சம்மதித்தாள். அவளும் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் நின்றாள். ஒன்று குறைந்து அதனால் அவர் போய்விட்டால்?

தூக்கியபோது நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது. "மெதுவாலே, முப்புடாதி" என்றார் பிரம்மநாயகம் மேலிருந்து.

"பேசாதிய அண்ணாச்சி" என்றார் முப்புடாதி. "பொணம் பேசுமா?"

"ஏல, நான் பாரமா இருக்கேனா?"

"இருக்கணும். தடத்துக்குக் குதிகால் எறங்கணும்லா."

சண்முகவடிவு விளையாட்டாகத்தான் ஒப்பாரியை எடுத்தாள். டிப்போவுக்கு ராசாவே, பஸ்ஸெல்லாம் உன்னக் கேட்டு ஆரன் அடிக்குதே என்று அவள் இழுத்தபோது சில பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், நாற்காலியில் இருந்தவரும் லேசாகச் சிரித்தார். ஆனால் மேளம் விழுந்து, நாலு வெறுங்கால்கள் நாலு தடங்களில் ஒன்றாக இறங்கி, தூளில் ஒரு பொருந்துகிற சத்தம் கேட்டபோது அவள் குரல் மாறியது, அடுத்த அடியை விளையாட்டில்லாமல் பாடினாள், அவளுக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள்.

உலகம்மாள் தன் தடத்தில் கால் வைத்தாள். அளவெடுத்துத் தைத்தது போல விரல்களுக்கு நடுவிலெல்லாம் வந்து உட்கார்ந்தது, உள்ளே சில்லென்று இருந்தது. அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். அடுத்த தடத்தில் கண்ணீர் வந்தது, அதற்கடுத்ததில் மார்பில் அடித்துக்கொண்டாள், தன் கை தன்னை அடிப்பதை நிறுத்தச் சொல்ல முடியவில்லை. நாற்காலியின் முதுகுக்கு மேலே அவர் தலை மேளத்துக்கு ஏற்ப அசைந்து அசைந்து போயிற்று, அவர் இருக்கும்போதே அவர் இல்லாமல் போனது அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. கேட்டில் அவள் தடம் திரும்பியிருந்தது. அவளும் திரும்பினாள். மேளச் சத்தம் தெருமுனைக்குப் போகப் போக, வேண்டாம், இறக்குங்கள் என்று கூப்பிட வாயைத் திறந்தவளுக்கு ஒப்பாரிதான் வந்தது.

தெருமுனையில் இறக்கினார்கள். நாலு பேரும் பழக்கத்தில் நேராகக் குழாயடிக்குப் போய்க் குளித்தார்கள். பிரம்மநாயகம் மாலையைக் கழற்றிவிட்டு, தெருநடுவே நடந்து, கைப்பிடியைப் பிடித்து முன்படி ஏறி வீட்டுக்குள் வந்து, "காபி இருக்கா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. இட்லி அவித்து எல்லோருக்கும் போட்டார்கள். அவர் வயிறாரச் சாப்பிட்டார், இன்னும் இரண்டு கேட்டார், ராத்திரி குறட்டை விட்டார். உலகம்மாள் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே, வெகுநாளைக்குப் பிறகு தூங்கினாள்.

காலையில் செய்யது மசூது வந்து, நிறைந்துபோன தடங்களை மட்டப்பலகையால் இழுத்துச் சமமாக்கிவிட்டு, கற்களை எடுக்கத் தெருவுக்குப் போனார். முடுக்கு மறுபடியும் சுருக்கமில்லாமல் கிடந்தது. பிரம்மநாயகம் காபி டம்ளரோடு பின்கட்டிலிருந்து இறங்கி, இன்றைக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்கிற பழைய உற்சாகத்தோடு, வெறுங்காலோடு, முடுக்கின் நடுவிலேயே கேட்டை நோக்கி நடந்து போனார். துவைக்கிற துணியோடு வெளியே வந்த உலகம்மாள் அவர் முதுகைப் பார்த்தாள். கனத்த முதுகு, நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. பிறகு தரையைப் பார்த்தாள். அவர் கால் வைத்துப் போன தூளில் ஒரு தடமும் இல்லை.

அவர் கேட்டைப் பிடித்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் திரும்பவில்லை. உலகம்மாள் துணியைப் போட்டுவிட்டு, அவர் போன வழியிலேயே, காலைத் தேய்த்துத் தேய்த்து, தூளைக் கலைத்து, ஓர் அடியை மூன்று அடியாக மிதித்துக்கொண்டு, ஓடினாள். சத்தம் கேட்டு அவர் திரும்பியபோது அவருக்குப் பின்னால் முடுக்கு முழுக்கத் தடங்களாக இருந்தது.

"என்னளா, மாடு மாதிரி மிதிச்சுட்டு வார?"

"பாயிட்ட சொல்லணும். இன்னைக்கே முடிக்கணும்."

இரண்டு கைகளிலும் கல்லோடு வந்த செய்யது மசூது அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிரம்மநாயகத்தின் காலைப் பார்த்தார். "முடிச்சிரலாம் மதினி" என்றார். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. கேட்டிலிருந்து ஆரம்பித்துப் பின்கட்டு வரைக்கும், சாம்பல் ஒன்று சிவப்பு ஒன்றாக, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இடைவெளி இல்லாமல் பதித்தார். தெரு வந்து நின்று, இனிமேல் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் போகுமே என்று வருத்தப்பட்டது. கல்லில் யார் நடந்தாலும் ஒன்றும் பதியவில்லை, மாடசாமி நடந்தாலும், சண்முகவடிவு நடந்தாலும், பிரம்மநாயகம் நடந்தாலும், எல்லோரும் ஒன்றுபோலவே நடந்தார்கள்.

பிரம்மநாயகம் நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், கோபப்படுகிறார், சொதியில் இஞ்சி போதாது என்கிறார். தினமும் காலையில் அவர் குளித்துவிட்டு, துவட்டாத காலோடு, குளியலறையிலிருந்து சிவப்புச் சிமெண்டுத் தரை வழியாகத் துணி மாற்றும் அறைக்குப் போகிறபோது, உலகம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். ஈரக்கால் தரையில் பட்டுப் பட்டு எழும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது, ஒவ்வொரு அடியும் கேட்கிறது. தரை காய்ந்திருக்கும் என்று தோன்றும்வரைக்கும் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நிற்கிறாள். சில நாட்களில் தோசை கருகிவிடுகிறது.